அம்பத்தூரில் ஏழாண்டுகள்: ஒரு மருத்துவ பில்லிங் நிறுவனத்தைப் பற்றிய மதிப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயங்கும் ஒரு மருத்துவ பில்லிங் நிறுவனத்தில் 2017 ஜூன் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஏ.ஆர். காலராக, அதாவது வரவேண்டிய நிலுவைத் தொகைக்காகத் தொலைபேசியில் பேசுபவராக, வேலை பார்த்தேன். அங்கே சேரலாமா என்று கேட்டு எங்கள் ஊர்ப் பெண்களும், கல்லூரித் தோழிகளின் தம்பி தங்கைகளும் மாதத்துக்கு ஒருவராவது தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, நான் கண்டதை ஒரே இடத்தில் முழுமையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் நிறுவனத்தையே சொல்வதாக நினைத்தாலும் வியப்பில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் சரளமாக வராத, எந்தப் பட்டமாக இருந்தாலும் ஒரு பட்டம் மட்டுமே கையில் உள்ள ஒருவருக்கு, முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த அளவு கற்றுக்கொடுக்கும் இடம் எளிதில் அமையாது. ஆனால் அதற்கு மேல் அங்கே வளர்ச்சி இல்லை. அதிலும், வேலையை மிக நன்றாகச் செய்பவருக்குத்தான் வழி முதலில் அடைபடுகிறது. இது யாரோ ஒரு மேலாளரின் கெட்ட எண்ணத்தால் நடப்பது அல்ல. அந்த நிறுவனம் பணம் ஈட்டும் முறையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்தால், அதற்கான கட்டணத்தில் பெரும்பகுதியை நோயாளியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்துதான் பெற வேண்டும். நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இட்டு கிளெயிம், அதாவது பணம் கோரும் விண்ணப்பம், அனுப்புவார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தராமல் நிறுத்திவைத்தாலோ மறுத்தாலோ, அந்த கிளெயிம் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, மறுத்த காரணத்தைக் கேட்டறிந்து, திருத்தி அனுப்பவோ மேல்முறையீடு செய்யவோ வேண்டும். மறுப்புக்கு ஒவ்வொரு குறியீடு உண்டு. சி.ஓ. 16 என்றால் தகவல் குறைவு; சி.ஓ. 29 என்றால் அனுப்ப வேண்டிய கெடு முடிந்துவிட்டது, சி.ஓ. 97 என்றால் இந்தச் சிகிச்சைக்கான தொகை இன்னொன்றின் தொகையிலேயே அடக்கம். இவற்றைப் பயிற்சி வகுப்பில் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தோம். ஆனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கும் திறமை நாள்பட்டுத்தான் வருகிறது.

அந்தத் திறமையைக் கற்றுக்கொடுத்ததில் நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் தமிழ்வழியில் படித்து, அரக்கோணத்துக்கு அருகிலுள்ள கல்லூரியில் இளநிலை வேதியியல் முடித்தவள். நேர்முகத் தேர்வில் என்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லச் சொன்னபோது இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அப்படியிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஆறு வாரப் பயிற்சியில் எங்களுக்கு வகுப்பெடுத்த அம்மையார், "தப்பா வந்தாலும் பரவால்ல, நிறுத்தாம பேசுங்க. அங்க இருக்கிறவங்களுக்கு உங்க கிராமர் முக்கியமில்ல, கிளெயிம் நம்பர்தான் முக்கியம்" என்று தினமும் சொல்வார். நாற்பத்தைந்தாம் நாளில் என் முதல் அழைப்பைப் பேசினேன். சி.ஓ. 29 என்று மறுக்கப்பட்ட கிளெயிம் அது. உரிய தேதிக்குள் கிளெயிம் சென்றடைந்ததற்கான கிளியரிங் ஹவுஸ் (கிளெயிம்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பித்தரும் இடைநிலை நிறுவனம்) அறிக்கையைத் தேடி எடுத்து, மேல்முறையீட்டுடன் இணைத்து அனுப்பினேன். ஏழு வாரங்களில் பணம் வந்தது. ஒரு மருத்துவருக்கு வராது என்று கைவிடப்பட்ட பணத்தை, ஒரு காகிதத்தைத் தேடிப்பிடித்து நான் மீட்டேன் என்ற அந்த நிறைவை இன்றும் மறக்கவில்லை.

தளத்துக்குள் நுழையும்போது கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நோயாளிகளின் தகவலைக் காக்க 1996இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின் காரணமாகத் தாளும் பேனாவும்கூட உள்ளே வரக்கூடாது; குறிப்பெடுக்க ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருக்கும். வேலை முடியும்போது அதைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறையாகச் சொல்லவில்லை, அவை நியாயமானவை. என் குறை வேறு. ஓர் இரவுக்கு நாற்பத்தைந்து கிளெயிம்கள் என்பது டார்கெட். சில காப்பீட்டு நிறுவனங்களின் லைனில் நாற்பது நிமிடம் ஹோல்டில் காத்திருந்தால்தான் ஒரு பிரதிநிதி எடுப்பார்; எடுத்தவரும் ஓர் அழைப்பில் மூன்று கிளெயிம்களுக்கு மேல் பார்க்கமாட்டேன் என்பார். மீதிக்கு மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு நேரத்தை டார்கெட்டில் கழிக்கச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் கேட்டோம், ஒருமுறைகூடக் கழிக்கவில்லை. கழிவறைக்கு எழுந்தாலும் சிஸ்டத்தில் பிரேக் என்று பதிய வேண்டும், உணவு நேரத்தையும் சேர்த்து மொத்தம் ஒரு மணி நேரம். மாதவிடாய் நாட்களில் அந்தக் கணக்கு எங்களில் பலரை எப்படி வாட்டியது என்பதை மூன்று ஆண்டுகள் எடுத்துச் சொன்ன பிறகுதான், டீம் லீடர்கள் வாய்மொழியாக ஒரு சலுகை தந்தார்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை.

வேலை நேரம் அமெரிக்கக் கடிகாரத்தைச் சார்ந்தது. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அன்று முதல் எங்கள் ஷிப்ட் மாலை 5.30க்குத் தொடங்கி அதிகாலை 2.30க்கு முடியும். நவம்பரின் முதல் ஞாயிறுக்குப் பிறகு 6.30 முதல் 3.30 வரை. விடுமுறையும் அவர்களுடையதுதான். நவம்பரின் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாளுக்குத் தளம் முழுவதும் பூட்டிக் கிடக்கும்; பொங்கலுக்கு டீமில் எத்தனை பேருக்கு விடுப்பு என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். ஏழு பொங்கல்களில் மூன்றுதான் எனக்கு வாய்த்தன. தீபாவளி இரவில் மேசைக்கு மேசை இனிப்புப் பெட்டி வரும், எல்லோரும் புதுத்துணியில் வந்திருப்போம், பத்து மணிக்கு மேலாளர் ஒவ்வொருவரிடமும் வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அந்த அன்பு உண்மையானது. அதைப் பொய்யென்று சொல்ல என் மனம் இடம் தராது. வீட்டில் அம்மா தனியாக விளக்கேற்றியிருப்பார் என்பதும் உண்மைதான்.

பெண்களின் பாதுகாப்பு விஷயத்தில் நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். இரவு கேப்பில் முதலில் ஏறுபவரோ கடைசியில் இறங்குபவரோ பெண்ணாக இருந்தால் காவலர் ஒருவர் கட்டாயம் உடன் வருவார். ஓட்டுநர் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கதவு திறந்ததைப் பார்த்த பிறகே வண்டியை எடுப்பார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்களும் எண்களும் லிப்ட் அருகே ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணை அழைத்தால் எடுப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கணினிகளை வேனில் ஏற்றி எங்கள் வீடுகளுக்கே அனுப்பினார்கள், யாருடைய சம்பளத்தையும் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் அந்த ஏப்ரலில் முழுச் சம்பளம் வந்த வீடுகள் மிகச் சிலவே.

இனி வளர்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன். நான் இருந்த புராஜெக்டில் 62 பேர். அவர்களுக்கு நான்கு டீம் லீடர்கள், காலர்களின் வேலையில் பிழை பார்க்கும் இரண்டு குவாலிட்டி அனலிஸ்ட்கள், ஒரு மேலாளர். ஐம்பத்தைந்து பேர் காலர்கள். அந்த ஏழு நாற்காலிகளில் ஒன்று காலியானால்தான் கீழே இருப்பவர் மேலே போக முடியும். என் ஏழு ஆண்டுகளில் டீம் லீடர் இடம் இரண்டு முறை காலியானது. முதல் முறை வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் முறை வேறொரு புராஜெக்ட் மூடப்பட்டதால் அங்கிருந்த டீம் லீடரை இங்கே அமர்த்தினார்கள். இரண்டு முறையும், கீழே காத்திருந்தவர்களில் ஒருவரைக்கூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை.

மேலே இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் நகரலாம் என்று நினைப்போம். அதற்காகத்தான் ஐ.ஜே.பி. எனப்படும், நிறுவனத்துக்குள்ளேயே காலியாகும் வேலைகளுக்கான அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும். ஆனால் விண்ணப்பத்துக்குத் தற்போதைய மேலாளரின் ஒப்புதல் வேண்டும். 2020இல் குவாலிட்டி அனலிஸ்ட் இடத்துக்கு விண்ணப்பித்தேன். அப்போது எலும்பு மூட்டு மருத்துவர்கள் குழு ஒன்றின் கணக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளாக அதன் நிலுவை குறைந்துகொண்டே வந்திருந்தது. மேலாளர் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். "நீங்க போயிட்டா ஆர்த்தோ கணக்க யாரும்மா பாப்பாங்க? கிளையண்ட் உங்க பேரச் சொல்லித்தான் கேக்குறாங்க. அடுத்த வருஷம் நானே உங்களுக்குப் பாத்துப் பண்றேன்" என்றார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைப் புகழ்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிகூட இருந்தது. 2022இல் மறுபடி விண்ணப்பித்தபோதும் அதே அறை, அதே பேச்சு. ஆர்த்தோ கணக்கு மட்டும் இன்னும் பெரியதாகியிருந்தது.

இதன் காரணம் எளியது. கிளையண்ட் இந்த நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றோ, மீட்கப்படும் தொகையில் இத்தனை சதவீதம் என்றோ பணம் தருகிறார். இரண்டு முறையிலும், நன்றாக மீட்கும் ஒரு காலர் அந்த இடத்திலேயே இருந்தால் நிறுவனத்துக்கு லாபம்; அவரை நகர்த்தினால், அடுத்தவர் அந்தக் கணக்கைப் பழகும் ஆறு மாதமும் இழப்பு. மேலாளரின் சொந்த அப்ரைசலும், அதாவது ஆண்டு மதிப்பீடும், அந்தத் தொகையை வைத்துத்தான் முடிவாகிறது. தன் கையில் உள்ள நல்ல ஆளை வேறு பிரிவுக்கு விட்டுத்தருமாறு அவரைத் தூண்ட அந்த அமைப்பில் ஒன்றுமே இல்லை. சுமாராக வேலை செய்தவர்களை அவர் தயங்காமல் விட்டார் என்பதை நான் பெயர் பெயராகச் சொல்ல முடியும். ஒரு மேலாளரின் மதிப்பீட்டில், அவர் வளர்த்து மேலே அனுப்பியவர்களின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் வைத்திருந்தால், அந்தத் தளத்தில் பாதிப் பேரின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

பதவிக்குப் பதிலாகப் பட்டம் தந்தார்கள். 2019இல் சீனியர் அனலிஸ்ட், 2022இல் ஸ்பெஷலிஸ்ட். அதே மேசை, அதே நாற்பத்தைந்து கிளெயிம்கள். கூடுதலாக, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு. கையில் வாங்கிய சம்பளம் 2017இல் 11,500 ரூபாய், 2024இல் 27,000 ரூபாய். ஆண்டுதோறும் அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று. ஒரே ஒருமுறை நான்கு. அதற்கு மேல் தர முடியாததற்கு பெல் கர்வ் காரணம் என்பார்கள். அதாவது எத்தனை பேர் நன்றாக வேலை செய்திருந்தாலும், மேல் மதிப்பெண் இத்தனை பேருக்குத்தான் என்று முன்பே தீர்மானமாகியிருக்கும். 2023இல் வேறு நிறுவனத்திலிருந்து மூன்று ஆண்டு அனுபவத்தோடு ஒரு தம்பி சேர்ந்தார். அவருக்கு ஆர்த்தோ கணக்கைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒருநாள் பே ஸ்லிப்பில் ஏதோ சந்தேகம் என்று, "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று காட்டினார். என்னைவிட நாலாயிரம் ரூபாய் அதிகம். அவர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. வெளியிலிருந்து வருபவருக்கு ஒரு விலை, உள்ளேயே இருப்பவருக்கு ஒரு விலை என்பதை அந்தத் தாள்தான் எனக்குப் புரியவைத்தது.

பேறுகால விடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட சட்டப்படி 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பை ஒரு நாள்கூடக் குறைக்காமல் கொடுத்தார்கள். ஆனால் என் பக்கத்து மேசைத் தோழி திரும்பி வந்தபோது, அவருடைய கணக்கு வேறொருவருக்குப் போயிருந்தது. அந்த ஆண்டு முழுமையாக வேலை பார்க்கவில்லை என்று அப்ரைசலில் அவருக்கு இரண்டு போட்டார்கள். அடுத்த ஆண்டு புதிய கணக்கில் டார்கெட் எட்டவில்லை என்று மறுபடியும் இரண்டு. ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர், இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரின் சம்பளத்துக்கு வந்து நின்றார். சட்டத்தை மீறாமலேயே ஒரு பெண்ணைப் பின்னுக்குத் தள்ள முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். இதை மனிதவளத் துறையிடம் எழுதியே கொடுத்தோம். பதில் வரவில்லை.

நான் வெளியேறக் காரணமாக இருந்தது கோடிங் பிரிவு. மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு இடும் வேலை அது. 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐ.சி.டி. 10 என்ற நோய்க் குறியீட்டு முறைக்கு மாறிய பிறகு இந்த வேலைக்குத் தேவை கூடியது. எங்கள் நிறுவனத்தில் அது மேல் மாடியில், பகல் ஷிப்டில் நடந்தது. கிளெயிமின் நிலையைக் காப்பீட்டு நிறுவனங்களின் இணையதளத்திலேயே பார்த்துவிட முடிகிற இந்நாளில், நிலையை மட்டும் கேட்கும் அழைப்புகள் குறைந்துகொண்டே வருவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆகவே கோடிங் கற்பது எங்களுக்கு ஆசையாக மட்டும் இல்லாமல் தேவையாகவும் இருந்தது. அதிகாலை வீடு திரும்பி, தூங்கி எழுந்து, மதியம் இரண்டு மணி நேரம் படித்து, 2023இல் என் சொந்தச் செலவில் சி.பி.சி. என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வு எழுதினேன். நூறு கேள்விகள், நான்கு மணி நேரம், எழுபது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எடுத்துவிட்டேன். அனுபவம் இல்லாதவர்களுக்கு அந்தச் சான்றிதழில் பயிற்சி நிலையைக் குறிக்கும் ஏ என்ற எழுத்து சேர்ந்து வரும். சான்றிதழை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனேன். கோடிங்கில் அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். அனுபவம் தரக்கூடிய பிரிவு எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. மறுப்புகளை ஆறு ஆண்டுகள் படித்து, எந்தக் குறியீடு எங்கே தவறுகிறது என்று தெரிந்த ஒருவரை அங்கே அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த நாள்தான் எனக்கு மிகவும் வலித்தது.

ராஜினாமாவை அனுப்பிய மறுநாளே மேலாளர் அழைத்தார். மாதம் ஆறாயிரம் ரூபாய் கூட்டித் தருவதாகவும், கோடிங் பிரிவில் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். ஏழு ஆண்டுகள் முடியாது என்று சொல்லப்பட்ட இரண்டும் ஒரே இரவில் முடிந்திருந்தன. இருந்திருக்கலாமே என்று அம்மாவும் கேட்டார். நான் இருக்கவில்லை. இப்போது வேறொரு நிறுவனத்தில் பகல் ஷிப்டில் கோடராக இருக்கிறேன்.

சம்பளத்தின் அமைப்பையும் சேரப்போகிறவர்கள் பார்க்க வேண்டும். நான் விலகியபோது என் அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாய் மட்டுமே; மீதியெல்லாம் பலவகைப் படிகள். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் என்பதால், மாதம் 1,560 ரூபாய்தான் என் பங்காகச் சேர்ந்தது. மொத்தச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியபோது இ.எஸ்.ஐ.யும் நின்றது. அதுவரை அம்மாவின் முழங்காலுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில்தான் பார்த்துவந்தோம். அந்த ஆண்டு கிடைத்த சம்பள உயர்வின் பெரும்பகுதி அம்மாவின் மாத்திரைக்குப் போனது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

விலகும் நடைமுறையில் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். நோட்டீஸ் பீரியட் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள் கேட்கவில்லை. அசல் சான்றிதழ்களைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே இல்லை. ரிலீவிங் லெட்டர் கடைசி நாளிலேயே கைக்கு வந்தது. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் ஏழு ஆண்டுகளுக்கு 52,500 ரூபாய் முப்பது நாட்களுக்குள் வங்கியில் ஏறியது.

ஆகவே, என்னைக் கேட்பவர்களிடம் சேருங்கள் என்றே சொல்கிறேன். நேர்காணலில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஹோல்ட் நேரம் டார்கெட்டில் கழிக்கப்படுமா, பெற்றோருக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் காலராகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குவாலிட்டிக்கோ கோடிங்குக்கோ மாறியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "நல்லா பண்றவங்களுக்கு இங்க கண்டிப்பா குரோத் இருக்கு" என்று பதில் வந்தால், அப்படி நன்றாகச் செய்து மாறிய ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.